மாத்தளை மழையும் மேட்டுப்பாத்தியும்

நீர் இல்லாத நிலம் வாழாது என்பதை உலகம் அறியும். நீர் மிகுந்த நிலமும் வாழாது என்பதை மலைநாட்டார் நன்கறிவர். வரப்பின் உயர்வைச் சொல்லி ஔவையார் அரசனை வாழ்த்தினார் என்றொரு கதை நம் பள்ளிப் பிள்ளைகள் யாவர்க்கும் தெரியும். அது வயல் நாட்டு வாழ்த்து. அங்கே வரப்பு உயர்வது நீரைத் தேக்குதற்கு. மாத்தளை மலைச்சரிவிலே சிறியதொரு மரக்கறித் தோட்டம் போட முயல்பவனுக்கோ வேறொரு வாழ்த்து வேண்டும். அவனுக்கு உயர வேண்டியது பாத்தி. அவன் அதனை உயர்த்துவது நீரை வடித்துவிடுதற்கு.

‘பாத்தி’ என்னும் சொல்லே சிந்தைக்கு விருந்தாகும். பாத்தல் என்பது பழந்தமிழில் பகுத்தலைக் குறிக்கும். பகுத்து எடுத்த நிலக்கூறு பாத்தியாயிற்று. மழை மிகுந்த நாட்டில் இந்தப் பகுப்பு இரு வகையில் பயன்படுகின்றது. வேரை நீரிலிருந்து பகுக்கின்றது. நடக்கும் காலை விளையும் மண்ணிலிருந்து பகுக்கின்றது. எவ்வளவு உயரத்திற் பாத்தி கட்டுவது, எதைக் கொண்டு விளிம்பு அமைப்பது, வடியும் நீரை எங்கே விடுவது என்பவையே நாம் இங்கு ஆராயப் புகும் வினாக்கள்.

இவை சிறு வினாக்கள் எனச் சிலர் எண்ணலாம். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதையும், 2022இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்ததையும் நினைவுகூர்வோர் அவ்வாறு எண்ணார். அந்த 2022 ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தம் வீடுகளிற் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. நாடெங்கும் பலர் ஆர்வத்துடன் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர். ஆயினும் ஆர்வம் மட்டும் விளைச்சலாகாது. ஒக்டோபர், நவம்பர் மழைகள் வந்தபின்னும் பாத்தி நிலைத்து நிற்கின்றதா என்பதே மலைநாட்டு வீட்டுத்தோட்டத்துக்கு வைக்கப்படும் உண்மையான பரீட்சை.

மாவட்டம் ஒன்று, மழை மூன்று

இலங்கையை மழைவீழ்ச்சி கொண்டு மூன்று வலயங்களாகப் பிரிப்பது வழக்கம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது ஈரவலயம். 1,750க்குக் குறைவாகப் பெய்வது உலர்வலயம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது இடைவலயம். மாத்தளை மாவட்டத்தின் சிறப்பு யாதெனில், ஒரே நாளில் பஸ் வண்டியிற் செல்லும் ஒருவர் இந்த வேறுபாடுகள் அனைத்தையும் கண்ணாற் கண்டுவிடலாம் என்பதே. வடக்கே தம்புள்ளையும் கலேவெலவும் உலர்ந்த சமவெளி. நடுவே மாத்தளை நகரும் உக்குவளையும் மிளகு, கொக்கோ, சாதிக்காய் செழிக்கும் இடைநிலம். கிழக்கே இரத்தோட்டையைக் கடந்து ஏறினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலைத் தடுத்து நிறுத்தி மழையாகப் பிழிந்துவிடுகின்றது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மலைத்தொடர் அது.

காலமும் இவ்வாறே வேறுபடும். ஒக்டோபரில் இடியுடன் தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து தை மாதம் வரை நீளும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிலோ மலையின் ஒரு புறம் நனைய மறுபுறம் காய்ந்த காற்று வீசும். ஆகவே மாத்தளையில் ‘மழைநாட்டுப் பாத்தி’ என்று ஒரே அளவில் ஒன்றைச் சொல்லிவிட முடியாது. கார்த்திகையில் பயிரைக் காப்பாற்றிய ஓரடி மேடு, ஆடியில் அதே பயிரை வாட்டிவிடவும் கூடும். உயர்ந்த மண் விரைவில் வடியும். விரைவில் வடியும் மண் விரைவில் உலரும். பிற நாட்டு நூல்களைப் பார்த்து அளவெடுப்போர் மறந்துவிடுவது பெரும்பாலும் இதனையே.

வேர் மூச்சுவிடும் வகை

நீர் நின்றால் பயிர் ஏன் சாகின்றது? வேரும் மூச்சுவிடுகின்றது என்பதே விடை. மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் காற்று இருக்குமானால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்கும். அவ்வெளிகளை நீர் நிரப்பிவிட்டால், ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் இருந்ததிலும் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். வேர் திணறுகின்றது. திணறும் வேரை நோய்க்கிருமிகள் எளிதிற் பற்றிக்கொள்கின்றன. இஞ்சியின் கிழங்கழுகல், நாற்றுமேடையில் இளநாற்றுகள் அடி கருகிச் சாய்தல், மிளகுக்கொடி சில நாட்களிலேயே வாடி உதிர்தல் ஆகிய மூன்றும் நீர் தேங்கும் இடத்தை நாடி வரும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களின் வேலை. தக்காளி, கத்தரி ஆகியவற்றைப் பச்சையாகவே வாடச் செய்யும் பக்றீரியாவும் வழிந்தோடும் நீரோடு பாத்திவிட்டுப் பாத்தி பயணம் செய்யும்.

மிளகும் மஞ்சளும் இஞ்சியும் மாத்தளையின் செல்வங்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலே அமைந்திருப்பதும் இதனாலன்றோ? 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு அதன் விலை வானளாவ உயர்ந்தபோது, முற்றத்து மூலையில் ஒரு பாத்தி மஞ்சள் வைத்திருந்த வீடு அதிர்ஷ்ட வீடாயிற்று. மானாவாரி இஞ்சிக்குக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கூறும் அளவு, ஒரு மீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் உடைய மேட்டுப்பாத்தி. பாத்திகளுக்கிடையே அரை மீற்றர் இடைவெளி. மலையாள நாட்டுப் பெருமழையிற் பயின்ற இந்த அளவு நமக்கும் நல்ல தொடக்கமாகும்.

மழை செய்யும் தீங்கு வேரழுகலோடு முடிவதில்லை. பெருந்துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் வந்து மோதும்போது, மூடாத மண் சிதறித் தெறிக்கின்றது. தெறித்த நுண்மண் வெளிகளை அடைத்து மேற்பரப்பில் ஓடு போலப் படிகின்றது. அதன்மேல் விழும் அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகின்றது. உள்ளே இறங்கும் நீரோ நைதரசனையும் பொற்றாசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோகின்றது. எனவே மேட்டுப்பாத்திக்கு மூடாக்கு இன்றியமையாதது. வைக்கோலோ காய்ந்த புல்லோ வேலியிற் கவ்வாத்துச் செய்த கிளிரிசிடியா இலையோ எதுவாயினும் நன்று. பசளையையும் ஒரே முறையிற் கொட்டிவிடாது சிறிது சிறிதாக இடுதல் வேண்டும். கூட்டெரு கலந்த மண் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். அதனை நாம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

எத்தனை அங்குலம்?

உயரத்தை முடிவு செய்யுமுன் மண்ணையே கேட்டுவிடுதல் நலம். ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டுக. அதனை நீரால் நிரப்பி வடியவிட்டு, மறுமுறையும் நிரப்புக. ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமேனும் நீர் இறங்கவில்லையாயின் அம்மண் தேக்கும் மண். அங்கே 8 முதல் 12 அங்குலம் வரை உயர்த்துவது தகும். விரைவாக இறங்கும் சரிவு நிலத்திற்கு 6 அங்குலம் போதும். தம்புள்ளைப் பக்கத்தில் பெரும்போகத்துக்குத் தாழ்ந்த மேடும், சிறுபோகத்துக்கு நீர் பாய்ச்சும் தட்டைப் பாத்தியும் ஏற்றவை. அங்கே பெரிய வெங்காயம் பயிரிடும் விவசாயிகள் நாற்றுக்கு மட்டும் மேடை போட்டு, வளர்ந்த பயிரை வேறு முறையிற் பேணுவதில் பேரறிவு அடங்கியிருக்கின்றது.

அகலத்துக்கு அளவுகோல் மனிதனின் கை. இரு புறமும் நின்று நடுவை எட்ட வேண்டுமாதலால் நான்கடிக்கு மேற்படக் கூடாது. சிறுவர்கள் வேலை செய்யும் பாத்திக்கு மூன்றடி போதும். பாத்தியின்மேல் ஒருபோதும் கால் வைத்தலாகாது. மிதித்த மண் இறுகிவிடும். இறுகிய மண் மேடாயிருந்தும் பள்ளத்தின் குணத்தையே காட்டும்.

மண்ணுக்கு எங்கே போவது? விலை கொடுத்து லொறியில் மண் இறக்குவோரும் உளர். அதற்குத் தேவையே இல்லை. நான்கடி அகலப் பாத்தியின் பக்கத்தில் ஒன்றரை அடி அகல நடைபாதையை 8 அங்குலம் வெட்டி, அம்மண்ணைப் பாத்தியிற் பரப்பினால் பாத்தி 3 அங்குலம் உயரும். பாதை 8 அங்குலம் தாழ்ந்திருக்கின்றது. பாத்தி 3 அங்குலம் உயர்ந்திருக்கின்றது. இரண்டும் சேர்ந்தால் 11 அங்குலம். ஒரு கூடை கூட்டெருவும் சேர ஓரடி ஆகிவிடும். ஏறியதிலும் இறங்கியதே மிகுதியாய் இருப்பதைக் காண்க.

இவ்வித்தை மனிதகுலத்துக்குப் புதியதன்று. நியூகினியின் மேட்டுநிலச் சதுப்பான குக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்மேடுகள் கட்டிப் பயிர் செய்திருக்கின்றனர். பிற்காலத்தில் அங்கே வடிகால்களும் வெட்டினர். மெக்சிக்கோவின் ஏரிகளிற் சேற்றை அள்ளி மேடாக்கி அமைத்த தோட்டங்கள் சொச்சிமில்கோவில் இன்றும் பயிர் தருகின்றன. நீர் மிகுந்த நாட்டார் எல்லோரும் தனித்தனியே கண்ட விடை ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

விளிம்புக்கு ஏற்றது எது?

விளிம்பே இல்லாத சரிவான மண்பாத்தியும் பாத்திதான். பெருமழையில் அதன் ஓரம் கரையும் என்பதாலேயே விளிம்பு கட்டுகின்றோம். வெளிநாட்டுப் படங்களில் அழகிய மரப்பலகைச் சட்டங்களைக் காணலாம். நம் வெப்பமும் ஈரமும் கூடிய காற்றில் சாதாரணப் பலகை விரைவில் உளுத்துவிடும். உளுக்காததைக் கறையான் தின்னும். மூங்கில் மலிவு, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். கமுக மரமும் கித்துள் மரமும் அதனினும் சில காலம் நிற்கும். தகரம் வெயிலிற் சுட்டு ஓரத்து வேரை வாட்டும்.

மாத்தளைச் சரிவுகளில் விலையின்றிக் கிடைப்பது கல். சாந்து பூசாமல் அடுக்கிய கற்கட்டு, மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விட்டுவிடும். சீமெந்து பூசிய சுவர் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் துளைகள் விடாவிட்டால் பாத்தி தொட்டியாகிவிடும். கற்கட்டுக்கும் குறை உண்டு. அதன் இடுக்குகளில் ஆபிரிக்க நத்தை குடியிருக்கும். மாலை நேரங்களில் விளக்கோடு சென்று பொறுக்க வேண்டும். கல் கிடைக்காத இடத்தில் வெட்டிவேர்ப் புல்லோ எலுமிச்சைப்புல்லோ நெருக்கமாக நட்டால் அதுவே உயிருள்ள விளிம்பாகும்.

ஒதுக்க வேண்டியவையும் சில உண்டு. பழைய கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகடுகளை விளிம்பாக நட்டுவைப்பது தீது. உடையும் ஓரத்திலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதற்கு இடமளித்தலாகாது. தாரெண்ணெய் ஊறிய பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகளும் உணவுப் பயிருக்கு ஆகா.

மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று

எல்லாப் பயிரும் மேட்டை விரும்புவதில்லை. தக்காளி, கறிமிளகாய், போஞ்சி, கொச்சிக்காய், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றுக்கு உயர்ந்த இடம் கொடுப்போம். நீர் வடிந்து சேரும் கீழ்ப்புறத்தில் வல்லாரை, கங்குங், சேம்பு, கொகிலக் கிழங்கு முதலியன மகிழ்ந்து வளரும். மேட்டுக்குத் தீங்கான நீரே பள்ளத்துக்கு உணவாகின்றது. மிளகுக்கொடி ஏறும் கிளிரிசிடியாவின் அடியிலும் மண்ணைச் சற்று அணைத்து மேடாக்கினால் கொடியின் கழுத்தில் நீர் நில்லாது. தோட்டம் என்பது நீரின் பாதையில் ஒவ்வொரு பயிரையும் அதனதன் இடத்தில் இருத்தும் கலையேயாகும்.

ஏழு பேர்ச்சஸ் நிலமும் அயல்வீட்டுக் கூரையும்

இனி இவ்விடயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாய் மாத்தளையை நோக்கி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கின்றனர். வழியிலே பசிக்கும் பேதிக்கும் இரையானோர் பலர். அந்த வழியை நினைவூட்டி, 2023இல் மலையகத்தின் இருநூறாவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து வந்ததை நாம் அறிவோம். மாத்தளை என்னும் பெயரைத் தம் பெயரின் முன்னே தரித்து மாத்தளை கார்த்திகேசுவும் மாத்தளை வடிவேலனும் மாத்தளை சோமுவும் எழுதியமைக்கும் இம்மண்ணே ஊற்று.

அந்த மக்கள் கோப்பிக்காகக் காட்டை அழித்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலையை நட்டனர். பிறர் நிலத்தில் நீரை நடத்தும் அறிவைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றனர். தோட்டங்களில் ‘கான்வெட்டு’ என்பது ஒரு தனி வேலை. மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடி, 120 அடிக்கு ஓரடி என்ற மெல்லிய சரிவில் நீரை இறக்கும் பக்கக்கான். இடையிடையே வண்டல் தங்கும் குழிகள். எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளும் பெருங்கான். இதனைக் கண்ணளவாலேயே வெட்டத் தெரிந்த கைகள் லயங்களில் இருக்கின்றன. அக்கைகளுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி கட்ட நிலமின்மையே குறையாயிருந்தது.

அண்மைக் காலத்தில் புதிய வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற அளவு வந்தது. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுரஅடி. இந்திய உதவியுடன் கட்டிய வீடு 550 சதுரஅடி. வழியும் மலசலகூடமும் துவைக்கும் இடமும் போகப் பன்னிரண்டடி நீளமும் நான்கடி அகலமுமான பாத்திகள் ஆறு கட்ட இடம் கிடைத்தாலே பெரிது. கீரைக்கும் கொச்சிக்காய்க்கும் போஞ்சிக்கும் கடைக்குப் போகாமலிருக்க அந்த ஆறு பாத்திகள் பெரிதும் உதவும்.

ஆனால் மழை எல்லைக்கல்லை மதிப்பதில்லை. ஒரு சதுரமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீர். வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றர் மழைக்கு எச்சரிக்கும் நாளொன்றில் 7 பேர்ச்சஸ் நிலத்தின்மேல் 17,000 லீற்றருக்கு மேல் நீர் விழுகின்றது. 6,000 லீற்றர் பவுசர் மூன்றை ஒரு முற்றத்திற் கவிழ்ப்பதற்கு ஒப்பானது அது. வீட்டுக் கூரையில் மட்டும் 5,000 லீற்றர். பீலி இல்லாத கூரை அந்த நீரைப் பாத்தியிற் கொட்டும்; பாத்தி வடித்ததைப் பாதை கீழே அனுப்பும்; கீழே இன்னொரு வீட்டின் பின்சுவர் நிற்கும். எனவே மேல்வீட்டில் மேட்டுப்பாத்தி கட்டுபவர் கீழ்வீட்டின் நலத்தையும் சேர்த்தே கட்டுகின்றார், அன்றேல் சேர்த்தே இடிக்கின்றார்.

இதற்கு வழி இரண்டு. பாத்திகளை மலையின் மேலிருந்து கீழாக ஒருபோதும் நீட்டலாகாது. சம உயரக் கோட்டில் குறுக்கே அமைத்தல் வேண்டும். மேலிருந்து கீழாக நீண்ட நடைபாதை மழைநாளில் ஓடையாகி மண்ணைச் சுது கங்கைக்கு அனுப்பும். அம்மண் அம்பன் கங்கை வழியே போய் மொறகஹகந்தை நீர்த்தேக்கத்தின் அடியிற் படியும். 1951ஆம் ஆண்டிலேயே மண்காப்புக்கென இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் வந்து கான் வெட்டாது. இரண்டாவது, ஒரு வரிசை வீட்டார் கூடி ஒரே பெருங்கானை ஒப்புக்கொண்டு வெட்டுதல் வேண்டும். தனித்தனிப் பாத்தி இருக்கலாம். தனித்தனி வடிகால் இருத்தல் இயலாது.

எச்சரிக்கை ஒன்றும் கூறல் கடன். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைத்தது. அத்தகைய மழையை எந்தப் பாத்தியும் தாங்கமாட்டாது. நிலத்திலே புதிய வெடிப்பு, சாய்ந்து வரும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் தோட்டத்தை மறந்து உயிரைக் காக்க வேண்டும். வீட்டின் பின்புறச் சரிவில் நீரைத் தேக்கும் குழிகளை வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பின் ஆலோசனையைப் பெறுதல் அறிவுடைமை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வறிவைப் பரப்பப் பள்ளிக்கூடமே தக்க இடம். நேரான பக்கமுள்ள ஒரு தகரப்பேணியும் அடிமட்டமும் இருந்தால் மாணவர் தம் ஊரின் மழையைத் தாமே அளந்து எழுதலாம். இரண்டு தடிகளை மேலே கட்டிக் குறுக்கே ஒரு தடி வைத்து, நடுவில் நூலிற் கல்லைத் தொங்கவிட்டால் சம உயரக் கோடு காணும் கருவி ஆயிற்று. ஓர் ஆண்டில் ஆறங்குலப் பாத்தியும் ஓரடிப் பாத்தியும் தட்டைப் பாத்தியும் அருகருகே போட்டு, கார்த்திகையில் எது வென்றது, ஆடியில் எது வென்றது என்று எழுதிவைக்கும் வகுப்பு, எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடத்தைத் தன் ஊருக்குத் தரும். கணிதமும் புவியியலும் தமிழும் அங்கே ஒன்றாகக் கூடும்.

அப்பிள்ளைகளில் பலருடைய பாட்டன்மார் கான் வெட்டியவர்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்து, சரிவைக் கண்ணால் அளப்பது எப்படி என்று கேட்பதில் ஆசிரியருக்கு இழுக்கில்லை. பிறர் மலையில் நீரை நடத்திய அந்த அறிவு பேரப்பிள்ளையின் ஆறு பாத்திகளுக்கு வந்து சேருமாயின், இருநூறு ஆண்டு உழைப்பில் ஒரு பங்காவது வீடு திரும்பியதாகும். நிலத்தின் உரிமை முழுமையாகக் கையில் வரும் நாளில், அந்நிலத்தை மழையிலிருந்து காக்கும் கலையும் கையிலேயே இருத்தல் வேண்டும்.